பலகை என்று எழுதிய கதவு

நான் ஒரு வீட்டின் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தவன். அந்த வீட்டில் அப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். தெரியாமல் செய்த தவறு அல்ல இது. ஆத்திரத்தில் செய்ததும் அல்ல. எந்த வீடு என்று முதல் நாள் மாலையே முடிவு செய்து, தச்சருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போய்ச் செய்தேன். இப்போது எனக்கு வயது எண்பது. என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. பெயர் வேண்டாம். அங்கிருந்த சிறிய கூட்டுறவு வங்கிக்கு நான் செயலாளர். ஊருக்கு அது ‘பாங்கு’, நான் ‘பாங்குக்காரர்’. காந்திகிராமத்தில் கூட்டுறவு படித்துவிட்டு, நகரத்து வேலை எதற்கும் விண்ணப்பம் போடாமல், கிராமத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதமாகப் போனவன். அந்தப் பிடிவாதத்தில் பொய் இல்லை. வட்டிக்கு விடுகிறவர்களின் கையிலிருந்து ஒரு ஊரையாவது மீட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

நான் சேர்ந்த ஐந்தாவது வருடம். அதற்கு முந்தைய மூன்று வருடமாக மழை இல்லை. ஆத்தூர் நீர்த்தேக்கத்தில் மாடு இறங்கி நடந்தது. வெங்காயம் போட்டவர்களுக்கு விதை வெங்காயம்கூடத் திரும்பவில்லை. யாரும் கடன் கட்டவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் மேல் கடிதமாக வந்தது. வசூல் இல்லையென்றால் அடுத்த வருடம் ஊருக்கு விதைக்கடனும் கிடையாது, உரக்கடனும் கிடையாது. அது வெறும் மிரட்டல் இல்லை. பக்கத்து ஊரில் அப்படியே செய்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஜப்தி என்பார்கள். கடன் கட்டாதவர் வீட்டிலிருந்து அண்டா, குத்துவிளக்கு, ஆடு, மாடு என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து ஏலம் விடுவது. அதிலும் உச்சம், கதவைக் கழற்றுவது. அண்டா போனால் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். கதவு போனால் தெருவில் நடக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். உண்மையில் சட்டம் கதவைத் தொட விடாது. அசையும் பொருளைத்தான் ஜப்தி செய்யலாம். நிலையில் பொருத்திய கதவு வீட்டின் ஒரு பாகம். இதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வங்கிக்குத் தலைவராக ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். தென்னந்தோப்பும் மாடி வீடும் உள்ளவர். அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எந்த வீட்டில் ஜப்தி செய்வது என்று அவரிடமே யோசனை கேட்டேன்.

“தம்பி, பெரிய வீட்டுல கை வச்சீகன்னா அவன் கோர்ட்டுக்குப் போயிருவான். ஒண்ணுமில்லாதவன் வீட்டுல கை வச்சா ஒருத்தனும் பயப்பட மாட்டான். நடுவுல இருக்கவனாப் பாருங்க. மானம் ரோசம் உள்ளவனாப் பாருங்க. ஒரு கதவு போதும். அம்புட்டுப் பேரும் ஓடி வந்து கட்டுவாங்க” என்றார்.

அந்த ஊரிலேயே அதிகமாகக் கடன் பாக்கி வைத்திருந்தவர் அவர்தான். தன் பெயரில், மனைவி பெயரில், இரண்டு தம்பிகள் பெயரில். அந்த நான்கு மனுவையும் எழுதிக் கொடுத்தவன் நான். கோர்ட்டுக்குப் போகும் பெரிய வீடு என்று அவர் சொன்னது அவர் வீட்டைத்தான். இருவருக்கும் அது தெரியும். காபி நன்றாக இருந்தது.

நடுவில் இருப்பவராக, மானம் உள்ளவராக நான் தேர்ந்தெடுத்தவர் ஒரு சிறு விவசாயி. கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கியவர். வெடி வைத்து வெடி வைத்து இறங்கியும் கண்டது பாறைதான். மற்றவர்கள் என் சைக்கிளைக் கண்டாலே வரப்பில் இறங்கி வேறு பக்கம் போய்விடுவார்கள். இவர் மாதாமாதம் தானாகவே வங்கிக்கு வந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “அடுத்த வெள்ளாமையில கட்டிருவேன் அப்பு” என்று சொல்லிவிட்டுப் போவார். அப்படி வந்து போனதால்தான் என் கண்ணில் பட்டார்.

நானும் வங்கியின் உதவியாளும் தச்சரும் போனோம். எங்களுக்கு முன்னால் தண்டோரா அடிப்பவர் போனார். தெருவே கூடிவிட்டது. சிறுமலைப் பலா மரத்தில் செய்த இரட்டைக் கதவு அது. பக்கத்துக்கு ஒரு பித்தளை வளையம். அவர் அப்பா காலத்துக் கதவு.

“அப்பு, அண்டாவ எடுத்துக்கங்க. ஆட்ட அவுத்துக்கங்க. கதவ விட்டுருங்க. வயசுக்கு வந்த புள்ள இருக்குற வீடு” என்றார்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்யா” என்றேன். அவர் கைநாட்டு வைக்க வேண்டிய ஜப்திப் பட்டியலை முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். நீட்டினேன். அவர் அதை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

“என்ன போட்டிருக்குன்னு படி தாயி.”

அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றிருந்தாள். பச்சைத் தாவணி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. சத்தமாகப் படித்தாள். அப்பா பெயர், தாத்தா பெயர், கடன் விவரம் எல்லாவற்றையும் பிழையில்லாமல் படித்தவள் ஓரிடத்தில் நின்றாள். திரும்பவும் அந்த வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, பலாப் பலகை ரெண்டுன்னு எழுதியிருக்கீக. எங்க வீட்டுல பலகையே கெடையாதே. இது பலகையா, கதவா?”

கதவு என்று எழுதினால் அந்தப் பட்டியல் செல்லாது. அதனால்தான் பலகை என்று எழுதியிருந்தேன். மேலதிகாரிகள் யாரும் கேட்கமாட்டார்கள். தெரு கேட்காது. கைநாட்டு வைப்பவர் கேட்கமாட்டார். எல்லாவற்றையும் யோசித்தவன், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை யோசிக்கவில்லை.

கூட்டத்தில் யாரோ, “ஏலே, பாங்குக்காரரையே மடக்கிருச்சுடா புள்ள!” என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்கு முகம் எரிந்தது.

“பொம்பளப் புள்ளையப் படிக்க வச்சா இதுதான். கடனக் கட்ட அப்பனுக்குத் துப்பு இல்ல, மக என்னையக் கேள்வி கேக்குறா. மொதல்ல பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு கத்துக்கிட்டு வா” என்றேன். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அவள் அப்பா திரும்பி அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். என்னை அடிக்க முடியாது. யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது. பிறகு கைநாட்டு வைத்தார். தச்சர் கீல்களைக் கழற்ற அரைமணி நேரம் பிடித்தது. கதவுகளை மாட்டுவண்டியில் ஏற்றி நாங்கள் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். அந்த வீட்டு அம்மா, நிலையின் இரண்டு பக்கமும் ஆணி அடித்துத் தன் சேலை ஒன்றைக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் சொன்னது பலித்தது. பதினைந்து நாளில் ஏறக்குறைய ஊரே கட்டிவிட்டது, தலைவரைத் தவிர. பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். பெண்கள் கழுத்தில் கிடந்ததைத் திண்டுக்கல் அடகுக் கடைகளில் வைத்துவிட்டு வந்து கட்டினார்கள். யார் கையிலிருந்து இந்த ஊரை மீட்க வந்தேனோ அவர்கள் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் விதைக்கடனும் வந்தது.

கதவை ஏலம் விட்டபோது ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவை ஏலத்தில் கேட்பது அங்கே கேவலம். தலைவரின் தோப்பைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் விறகு விலைக்குக் கேட்டார். அவருக்கே முடித்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அந்த விவசாயி கடைசித் தவணையைக் கட்ட வந்தார். பாக்கி இல்லை என்ற சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “கதவு?” என்றார்.

“அது ஏலம் போயிருச்சே” என்றேன்.

“சரி அப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் முப்பது வருடத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தேன். அந்த வருடங்களைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். வெங்காயம் பிடுங்கும் களத்துக்கே போய் உட்கார்ந்து, எடை போட்ட கையோடு தவணை வாங்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். அதன்பின் யார் வீட்டிலும் ஜப்திக்கு அவசியம் வரவில்லை. பூ விவசாயிகளுக்குக் கமிஷன் கடைக்காரர்களிடம் முன்பணம் வாங்கத் தேவையில்லாமல் செய்தேன். கறவை மாடு வாங்கப் பெண்களுக்கு, புருஷன் கையெழுத்துக் கேட்காமல் கடன் கொடுத்தேன். அதற்காக மேலதிகாரியிடம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். விதவைப் பென்ஷன் மனுக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினேன். ஓய்வு பெற்ற அன்று மேளம் வைத்து அனுப்பினார்கள். வங்கிச் சுவரில் என் போட்டோவை மாட்டினார்கள். இவையெல்லாம் அந்தக் கதவுக்குப் பிராயச்சித்தம் என்று யாராவது நினைத்தால், இல்லை. கதவை நான் மறந்துவிட்டேன். எனக்கு வேலை இருந்தது, பெயர் இருந்தது. மறப்பது சுலபமாக இருந்தது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல்லில் டவுன் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பூ மார்க்கெட்டில் விற்றுவிட்டு, வெறும் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பொண்ணு நல்லாத்தான் இருக்கு மதினி. காலேஜு வேற முடிச்சிருக்கு. ஆனா எந்த வீடு தெரியும்ல? கதவத்த வீட்டுப் பேத்தி.”

“அதுக்கென்னடி? இப்பத்தான் மேல தார்சுக் கூரை போட்டு, இரும்புக் கதவு போட்டு ஜம்முன்னு இருக்காகளே.”

“இரும்புக் கதவு போட்டாப் பேரு போயிருமா?”

அவர்கள் சொன்ன ஊர்ப் பெயர் என் காதில் விழுந்தது. “ஏம்மா, அது என்ன கதவத்த வீடு?” என்று கேட்டேன்.

“அது பழைய கத பெரியவரே. அந்தப் பொண்ணோட அம்மாச்சி சின்னப் புள்ளையா இருக்கப்ப, எவனோ ஒரு பாங்குக்காரன் கடனுக்குக் கதவக் கழட்டிட்டுப் போயிட்டானாம். கதவில்லாத வீட்ட யாரு காக்குறது? அப்பனும் ஆத்தாளும் கூலிக்குப் போனாத்தான் கஞ்சி. நல்லாப் படிக்கிற புள்ளையாம். பள்ளிக்கொடத்த விட்டு நிப்பாட்டி வாசல்ல உக்கார வச்சுட்டாக. கல்யாணம் ஆகுற வரைக்கும் ஆறு வருசம் வாசல்லயே உக்காந்திருந்துச்சாம். ஒத்தப் புள்ளைன்னு மாப்பிள்ளையையும் வீட்டோட கூட்டியாந்துட்டாக. அதுக்கும் சிரிச்சாங்க, காவலுக்கு ஆள் கெடச்சிருச்சுன்னு.”

“அந்தப் பாங்குக்காரன்?”

“இருக்கானோ, செத்தானோ. நீங்க எந்த ஊரு பெரியவரே?”

“திண்டுக்கல்” என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, “இம்புட்டு வருசமா என்கிட்டகூடச் சொல்லலையே” என்றாள்.

“ஞாபகமே இல்ல.”

“அதுதான் கேக்கவே கஷ்டமா இருக்கு” என்றாள். நறுக்கியதைத் தட்டில் ஒதுக்கினாள். “இப்ப என்ன, போய்க் கையக் கட்டிக்கிட்டு மன்னிப்புக் கேக்கப் போறீகளா? அழுது தீத்துட்டு ஒங்க மனசு லேசாகி வந்துரும். அவுகளுக்கு என்ன மிச்சம்? மொதல்ல அந்தக் கதவு எங்க இருக்குன்னு பாருங்க.”

மறுநாளே கிளம்பினேன். தலைவர் இறந்து வெகுகாலமாகிவிட்டது. மாடி வீட்டில் அவர் மகன் இருக்கிறார். கதவைப் பற்றிக் கேட்டதும், “அந்தப் பலாக் கதவா? தோப்பு மோட்டார் ரூம்ல மாட்டியிருக்கோம் சார். கரையான் தின்னது போக மிச்சம் இருக்கும்” என்றார். போய்ப் பார்த்தோம். ஒரு கதவின் அடிப்பாகம் உளுத்துப் போயிருந்தது. இன்னொன்று கல்லு மாதிரி இருந்தது. வளையங்கள் பச்சை பூத்திருந்தன.

“எடுத்துட்டுப் போங்க சார், துட்டெல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. எங்கப்பா பேரு எதுலயும் வந்துரக் கூடாது.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கதவு வாடகை வண்டியில் ஏறும்வரை வாய் திறக்கவே இல்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றே இருந்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அன்று பட்டியலைப் படித்த பெண் முற்றத்தில் மல்லிகை மொட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய அம்மாள். கண்ணாடி போட்டிருந்தார். நான் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள், “பாங்குக்காரர்தான? நடை மாறல” என்றார்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்து கதவைப் பார்த்தார். ஒரு வளையத்தைத் தூக்கி விட்டார். அது மரத்தில் தட்டியது.

“எறக்குங்க. உள்ள கொண்டாராதீக. அந்தா, வெளிச் செவுத்துல சாச்சு வைங்க.”

சாய்த்து வைத்தோம். நான், “என்னைய மன்னிச்சிரும்மா” என்றேன்.

“எதுக்கு?”

“கதவக் கழட்டுனதுக்கு.”

“அது எங்கப்பன் கதவு. அவர் இருந்தா மன்னிச்சிருப்பாரு. அவருக்கு மனசு அப்படி. எனக்கு நீங்க செஞ்சது வேற.” மடியில் ஒட்டியிருந்த மொட்டுகளைத் தட்டிவிட்டார். “அன்னிக்கு ஒங்களை ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொன்னீகளா?”

எனக்கு நினைவிருந்தது. பஸ்ஸில் இருந்து இறங்கியதிலிருந்து அந்தக் கேள்வி ஒன்றுதான் நினைவிருந்தது.

“பலகையா, கதவான்னு கேட்டேன். ஊரே பாத்துக்கிட்டு நின்டுச்சு. அதுக்கு முன்னாடி எங்கப்பன் என்னைய ஒரு அடி அடிச்சதில்ல. நான் கேட்டது தப்பா சார்?”

“தப்பில்லம்மா. நீங்க கேட்டதுதான் சரி. அது கதவுதான்.”

“அத என்கிட்ட சொல்லி? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே.” முதல் தடவையாகச் சிரித்தார். “ஊர் முன்னாடி என்னையத் திட்டுனீக. ஊர் முன்னாடி பதில் சொல்லுங்க. மே மாசம் கிராம சபை வருது. வாங்க. அதுவரைக்கும் இந்தக் கதவு வெளியிலேயே நிக்கட்டும். நீங்க வரலைன்னா அங்கேயே மக்கிப் போகட்டும்.”

பள்ளிக்கூடம் நின்றுபோனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதற்கு ஈடாக என்னிடம் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று மாதம் அந்தக் கதவு தெருவில் நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். தலைவரின் மகன் போன் செய்தார். “சார், கூட்டத்துல பேசப் போறீகளாமே. வேண்டாம். நல்லா இருக்காது” என்றார். பேசத்தான் போகிறேன், உங்கள் அப்பா பெயரும் வரும் என்று அப்போது தெளிவாகச் சொல்லிவிட்டேன். சென்னையிலிருக்கும் என் மகனும் பேசினான். “இந்த வயசுல இது தேவையாப்பா? கேஸ் கீஸ் போட்டான்னா?” போடட்டும் என்றேன். கோர்ட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

மே தினத்தன்று ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் கூட்டத்தில் பாதி. மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு என்று பேச்சு போனது. எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்த பிறகு அந்த அம்மாள் எழுந்தார். என்னைக் காட்டினார்.

ஊராட்சித் தலைவர், “வெளியூர்க்காரர் இங்க பேச முடியாதுங்கம்மா” என்றார்.

“அவுக பேச வரல. நான் கேள்வி கேக்குறேன், அவுக பதில் சொல்லப் போறாக. கேள்வி கேக்க எனக்கு உரிமை இருக்குல்ல?”

இருக்கிறது என்று கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி தலையசைத்தார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“எங்க வீட்டுல நீங்க எடுத்துட்டுப் போனது பலகையா, கதவா?”

“கதவு” என்றேன். எழுந்து நின்றுதான் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மீதியையும் சொன்னேன். கதவை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் பலகை என்று பொய் எழுதினேன். இவர் அதைக் கண்டுபிடித்தார். பதில் இல்லாததால் இவரை அவமானப்படுத்தினேன். ஊரிலேயே பெரிய பாக்கி வங்கித் தலைவர் வீட்டில் இருந்தது. அந்த வாசலில் காபி குடித்துவிட்டு இந்த வாசலுக்கு வந்தேன். இவர்களுடைய கதவு அவர் தோப்பில்தான் இத்தனை வருடமும் இருந்தது.

வங்கித் தலைவரின் மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “செத்தவர் பேர இழுக்காதீக! அவர் வந்து பதில் சொல்லுவாரா?”

“அவர் சொல்ல முடியாது. நான் இன்னும் சாகல. அவர் யோசனை சொன்னாரு. செஞ்சது நான்” என்றேன்.

மகன் எழுந்து போய்விட்டார். அவருடன் ஏழெட்டுப் பேர் போனார்கள். நான் உட்காரப் போகும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். என்னைவிட நாலைந்து வயது இளையவர் இருப்பார்.

“ஏன்யா, எங்க ஆத்தா தாலிக்கொடிய அடகு வச்சுப் பாங்குல கட்டுச்சே. கதவு போயிரும்னு பயந்துதான் கட்டுச்சு. கடைசி வரைக்கும் திருப்ப முடியல. மஞ்சக் கயித்தோடயே போய்ச் சேந்துருச்சு. அதுவும் உன்னாலதானா?”

நான் இதற்குத் தயாராகி வரவில்லை. ஒரு கதவுக்குத்தான் தயாராகி வந்திருந்தேன்.

“ஆமா” என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். ஊராட்சிச் செயலர் எழுதிக்கொண்டிருந்த தீர்மானப் புத்தகத்தைக் காட்டி, “என்ன எழுதியிருக்க தம்பி? குடு, பாப்போம்” என்று வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். “‘பழைய மரச்சாமான் குறித்து விவாதிக்கப்பட்டது.’ மரச்சாமானா? கதவுன்னு எழுது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழவர், “ஏலே, இன்னிக்கும் மடக்கிருச்சுடா!” என்றார். அன்றைக்குச் சொன்னவர் அவர்தானா என்று எனக்குத் தெரியவில்லை. செயலர் அடித்துத் திருத்தி எழுதினார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வங்கிச் சுவரிலிருந்து என் போட்டோவை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். டவுன் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர்களில் சிலர் இப்போது ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள். வழக்கு எதுவும் வரவில்லை. வீட்டுப் பெயர் போகவில்லை. இன்றும் அது கதவத்த வீடுதான். பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த அன்று மாலையே அந்த அம்மாள் கதவை உள்ளே எடுத்துப்போகச் சொன்னார். நிலையில் பொருந்தாது, இரும்புக் கதவு இருக்கிறது. உளுத்துப்போன பக்கத்தை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். நல்ல பக்கத்தை நாலு செங்கல் மேல் படுக்கப்போட்டு, அதன் மேல் பூப் பிரிக்கிறார். நான் போனபோது அதன் ஓரத்தில் டீ டம்ளரை வைத்தார்.

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. டீ குடித்து முடித்ததும் உள்ளே போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஒங்களுக்குப் பயந்து நகைய வச்சுக் கட்டுனவுக. விசாரிச்சு எழுதியிருக்கேன். போனவுக வீட்டுல புள்ளைக பேரு போட்டிருக்கு. எந்தத் தெருன்னும் எழுதியிருக்கேன். போய்ப் பாருங்க.”

பிழையில்லாத, சாய்வில்லாத எழுத்து. இருபத்து மூன்று பெயர்கள். கதவைப் போல இவை ஒரே இடத்தில் இல்லை. திருப்பூரில் இரண்டு வீடு, சின்னாளப்பட்டியில் ஒன்று, மற்றவை அந்த ஊரிலும் சுற்றிலும். ஒவ்வொரு வீட்டிலும் போய், யார் என்று சொல்லி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். என் சேமிப்பிலிருந்து தர முடிந்ததைத் தருகிறேன். சிலர் வாங்கிக்கொள்கிறார்கள். ஒருவர் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “வட்டி எங்க?” என்று கேட்டார், மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அங்கே இரண்டாவது தடவையும் போனேன். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள்.

பதினான்கு பெயர் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு பெயர் முடிந்ததும் நோட்டை அந்த அம்மாளிடம் காட்ட வேண்டும். அவர் போய் விசாரித்த பிறகுதான் டிக் போடுவார். நான் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு போடுவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் பதினைந்தாவது வீட்டுக்குப் போகிறேன்.